ஒரே டி.என்.ஏ., வேறு பூனை
டி.என்.ஏ.தான் உயிரின் முழு வரைபடம் என்று யாராவது சொன்னால் எனக்கு சிசி பூனைதான் நினைவுக்கு வரும். 2001 டிசம்பரில் டெக்சாஸில் பிறந்த, உலகின் முதல் குளோனிங் பூனை, அதாவது இன்னொரு பூனையின் செல்லில் இருந்த டி.என்.ஏ.வைக் கொண்டு உருவாக்கிய நகல். மூலப் பூனை ரெயின்போவின் மேல் கருப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் உண்டு. சிசியிடம் ஆரஞ்சு துளிகூட இல்லை! ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு இருந்தது. ஆனால் அதைச் சுமந்த எக்ஸ் குரோமோசோம் (செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழைகளில் ஒன்று), குளோனிங்குக்கு எடுத்த செல்லிலேயே அணைந்து கிடந்தது. வெள்ளைத் திட்டுகள்கூட வேறு மாதிரி; அவை கருவில் நிறச்செல்கள் எப்படிப் பரவுகின்றன என்பதைப் பொறுத்தவை.

அப்புறம், அந்த டி.என்.ஏ. தானாக எதையும் கட்டவில்லையே. வேறொரு பூனையின் கருமுட்டை வேண்டியிருந்தது, சுமக்க ஒரு வாடகைத் தாயும். பள்ளியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.