சீதன வீடும் கிணற்றுப் பங்கும்

யாழ்ப்பாணத்தின் கோண்டாவிலில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டை எங்களுக்கு எந்தத் தரகரும் காட்டவில்லை. அந்த ஒழுங்கையில் வசிக்கும், என்னுடன் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர்தான், "கனடாவில் இருக்கும் மகள் விற்கப்போகிறாராம், தாய் மட்டும் தனியே இருக்கிறார், நேரே போய்க் கேளுங்கள்" என்றார்.

அடுத்த ஞாயிறே போனோம். படலையைத் திறந்த அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். வீட்டைக் காட்டுமுன் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஒரு வாளி அள்ளி, செம்பில் ஊற்றித் தந்து, "குடித்துப் பாருங்கள் பிள்ளை" என்றார். உவர் துளியும் இல்லை. எனக்கு மனம் அங்கேயே நின்றுவிட்டது. விலை, மகளுடன் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் தீர்ந்தது.

மகள் அச்சவாரத்தை, அதாவது முற்பணத்தை, வங்கியில் போடச் சொன்னார். நல்ல மனிதர், ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆனாலும் நான் மறுத்தேன். காணி விற்பனை உடன்படிக்கை, பத்திரம் எழுதும் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளுடன் ஒப்பமிடப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறது. தரகர் இல்லாத இடத்தில் இதைச் சொல்லும் சங்கடம் நம்முடையதாகிவிடுகிறது. சொல்லத்தான் வேண்டும்.

பிறகு காணியின் உறுதிப் பத்திரத்தைப் பார்த்தோம். அது 1989இல் எழுதிய சீதன உறுதி. 3 பரப்பு 9 குழி, கிழக்கே ஒழுங்கை, மேற்கு எல்லையில் உள்ள கிணற்றில் அரைப் பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை. எல்லாம் நேராகத் தெரிந்தது. நொத்தாரிசு ஐயா தாளைத் திருப்பி, கடைசிப் பந்தியில் ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார்: கொடுத்தவர்கள் இருவரின் சீவிய உரித்துக்கு உட்பட்டது. அதாவது, மகளுக்கு எழுதிக் கொடுத்தாலும், தாயும் தகப்பனும் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை அவர்களுடையது. தகப்பனின் மரணச் சான்றிதழ் வேண்டும். தாய் தன் உரித்தை விட்டுக் கையெழுத்திட வேண்டும். மூன்று முறை வாசித்த எனக்கு அந்த வரி கண்ணில் படவேயில்லை. சீதனமாக வந்த வீடு வாங்குகிறவர்கள் உறுதியைக் கடைசி எழுத்துவரை வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்த சிக்கல் கணவரின் சம்மதம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள காணியையும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது. பெண்ணுக்கென்று கொடுத்த சீதனத்துக்கே இந்த நிபந்தனை இருப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வாங்குகிறவர் இதைத் தவிர்க்க முடியாது. அந்த மகள், இங்கிருக்கும் தன் தம்பி தனக்காக ஒப்பமிட அனுப்பிய அற்றோணித் தத்துவத்தில் கணவர் ஒப்பமிட்டிருக்கவில்லை. திரும்பவும் எழுதி, தூதரகத்தில் ஒப்பமிட்டு, இங்கே பதிந்து முடிய இரண்டு மாதம் போயிற்று. வெளியாருக்கு விற்கும் முன் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும் என்ற 1947ஆம் ஆண்டுச் சட்டமும் இருப்பதால், அந்த மகளின் பிள்ளைகள் இருவரிடமும் தங்களுக்கு வேண்டாம் என்று எழுத்தில் வாங்கினோம். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடியதில் ஈடோ வழக்கோ இல்லை. சோலைவரிப் பற்றுச்சீட்டும் பிரதேச சபையின் வீதிக் கோட்டுச் சான்றிதழும் சிரமமில்லாமல் கிடைத்தன.

சிரமம் வேலியில் இருந்தது. நில அளவையாளர் அளந்தபோது மேற்குப் பக்கம் இரண்டு குழி குறைந்தது. பரப்புக்குப் பதினெட்டுக் குழி. இரண்டு குழி சின்னத் துண்டுதான். அம்மா சொன்னார்: போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வுக்குப்பின் திரும்பி வந்தபோது வேலியே இல்லை, அவரவர் ஞாபகத்தில் கதியால் நட்டார்கள். ஒப்பமிட்டபின் பார்க்கலாம் என்றார் தம்பி. நான் சம்மதிக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஒரு நிலத்தை அனுபவித்தவர் அதற்கு ஆட்சி உரிமை கோரலாம். அயலவர் அப்படிக் கோரினால் ஒரே கிணற்றில் அள்ளிக்கொண்டு வழக்குப் பேச வேண்டிவரும்.

அயலவர் வீட்டுக்கு அம்மாவே எங்களுடன் வந்தார். வரைபடத்தை விரித்துக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் அலவாங்கை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனார். முள்முருக்கு ஒன்றின் வேரடியில், வேலிக்கு அந்தப் பக்கம், மண்ணைக் கிளறினார். பாசி பிடித்த எல்லைக்கல் கிடந்தது. "இது என்ரை அப்பு நட்ட கல்" என்றார். அடுத்த கிழமை அவரே ஆள் பிடித்து வேலியை நகர்த்தினார். யாரும் யாருக்கும் பணம் கொடுக்கவில்லை.

தரகுக் கூலி மிச்சம்தான், ஆனால் முத்திரை வரிக்குக் காசு ஒதுக்கி வையுங்கள். முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய்ப் பெறுமதிக்கு 399,000 ரூபாய். வாங்குகிறவர்தான் கட்டவேண்டும்.

ஒப்பமிடும் நாளில் தம்பி அக்காவுக்காக முதலில் ஒப்பமிட்டார். பிறகு அம்மாவின் முறை. விரல்கள் மடங்கிப்போயிருந்தன. கைவிரல் அடையாளம் போதும் என்றார் நொத்தாரிசு. அம்மா கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். மூன்று பிரதியிலும் எழுதினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

இப்போது மகனுடன் இணுவிலில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் கோயிலுக்குப் போகும் வழியில் ஓட்டோவை ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு வருவார். அவருக்கு முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் தேநீர் வைப்பேன்.