சக்ஷன் பக்கம்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மா அடிக்கடி சொல்வார்: “இங்க தண்ணி சீக்கிரம் கொதிச்சிரும், பருப்புதான் வேகாது.” ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடு ஏறாத தண்ணீரில் துவரம்பருப்பு குழைய வெகுநேரம் ஆகும். அழுத்தம் குறைந்தால் திரவம் முன்கூட்டியே கொதிக்கும் என்ற இந்த ஒரே உண்மையோடுதான் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நான் மல்லாடிக் கழித்தேன். ராக்கெட் எஞ்சின்களுக்கான பம்புகளைச் சோதிப்பது என் வேலை.

பெரிய திரவ எஞ்சின் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது நாசிலிலிருந்து சீறும் தீப்பிழம்பு. அந்தத் தீயை வளர்ப்பது, டர்பைனால் சுழன்று திரவங்களைத் தள்ளும் டர்போபம்பு. சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சின் ஒவ்வொன்றும் வினாடிக்கு இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட திரவ ஆக்சிஜனையும் மண்ணெண்ணெயையும் குடித்தது. அதன் பம்பைச் சுழற்றிய டர்பைனின் திறன் ஏறத்தாழ 55,000 குதிரைத்திறன். இவ்வளவு திரவத்தை உயர் அழுத்தத்தில் எரியறைக்குள் தள்ளுவது கடினம்தான். ஆனால் அந்தத் திரவம் பம்பின் வாய்க்கு ஒழுங்காக வந்து சேருவது அதைவிடக் கடினம் என்பது என் அனுபவம். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும், திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் கொதிப்பவை. கலனில் இருக்கும்போதே அவை கொதிநிலையின் விளிம்பில்தான் நிற்கின்றன. கலனின் அழுத்தத்தைக் கூட்டினால் சுவரைத் தடிப்பாக்க வேண்டும், எடை ஏறிவிடும். எனவே குறைந்த அழுத்தத்தில் வரும் திரவம், பம்புக்குள் வேகமாகச் சுழலும் இலைகளின் முன்விளிம்பைத் தொட்டதும் அழுத்தம் இன்னும் சரிந்து அங்கேயே கொதிக்கிறது. அப்படிப் பிறக்கும் குமிழ்கள் சற்றுத் தள்ளி அழுத்தம் கூடும் இடத்தில் நொறுங்கும்போது உலோகத்தையே கொத்தி எடுக்கின்றன. கேவிட்டேஷன் என்பது இதுதான். இதைத் தாங்குவதற்காகவே பிரதான இம்பெல்லருக்கு, அதாவது சுழலும் இலைச்சக்கரத்துக்கு முன்னால், அழுத்தத்தை முதலில் சற்று ஏற்றிவிடும் திருகு போன்ற இண்டியூசரையும், சில எஞ்சின்களில் தனியாக ஒரு பூஸ்டர் பம்பையும் வைக்கிறார்கள்.

கோவையில் நான் முதலில் சேர்ந்த பட்டறையில் இத்தகைய இம்பெல்லர்களைத் தண்ணீரில் ஓட்டிச் சோதித்தோம். குளிர்திரவங்களைக் கையாளும் ஆபத்தும் செலவும் இல்லாமல், இலைகளின் வடிவம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தண்ணீரே பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும். திரவம் பம்புக்குள் நுழையும் சக்ஷன் பக்கத்தின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, பம்பின் ஏற்றம் (தண்ணீரை அது எவ்வளவு உயரம் தள்ளும் என்ற அளவு) 3 சதவீதம் விழும் புள்ளியைக் குறித்துக்கொள்வோம். ஒரு நாள் என் கணக்கு எல்லாம் சரி என்று காட்டிய நிலையில், பம்பின் உறைமேல் கைவைத்து நின்றிருந்த மேஸ்திரி அண்ணன், “உள்ள ஜல்லி ஓடறாப்பல கேக்குதுங்க தம்பி” என்றார். நான் அளவுகளை நம்பினேன். அறிக்கையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சில வாரங்கள் கழித்துப் பம்பைப் பிரித்தபோது, வெண்கல இலையின் முன்விளிம்பையொட்டிக் கைவிரல் அகலத்துக்குச் சிறுசிறு குழிகள் இருந்தன. தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது.

தவறு என் கணக்குத்தாளில் இருந்தது. அழுத்த அளவி காட்டிய எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தத்தையும் கூட்ட வேண்டிய இடத்தில், கடல்மட்டத்துக்கு உரிய 101.3 கிலோபாஸ்கலை அப்படியே போட்டிருந்தேன். 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோவையில் அது ஏறத்தாழ 96 அல்லது 97தான். அரை மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அந்த வித்தியாசத்தால், இல்லாத பாதுகாப்பு இருப்பதாக நான் எழுதிவிட்டேன். மலையில் பிறந்து, குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத வீட்டில் வளர்ந்தவன் இதை மறந்திருக்கக் கூடாது. அறிக்கையைத் திரும்பப் பெற்று எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினோம். அதன்பின் நான் வேலை செய்த எல்லா இடங்களிலும் சுவரில் ஒரு பாரமானியை மாட்டி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் அதன் அளவை என் கையாலேயே எழுதிவந்தேன். மேஸ்திரி அண்ணனைப் போன்றவர்களின் காதையும் ஓர் அளவுக்கருவியாக மதிக்கத் தொடங்கினேன்.

இது சின்னப் பட்டறையின் கவலை மட்டுமல்ல. 1999 நவம்பர் 15 அன்று ஜப்பானின் எச்-2 ராக்கெட்டில் எல்இ-7 எஞ்சின் பாதி வழியில் நின்றுபோனது. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் கடலடியில் கிடந்த எஞ்சினைத் தேடி மீட்டுப் பார்த்தபோது, ஹைட்ரஜன் பம்பின் இண்டியூசர் இலை ஒன்று, திரும்பத் திரும்ப அதிர்ந்த உலோகம் களைத்துப்போய் முறிந்திருந்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று கேவிட்டேஷன். கடலடி வரை சென்று ஒரு இலையைத் தேடிய அந்தப் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நம் நாட்டிலும் 2010 ஏப்ரல் 15 அன்று ஜிஎஸ்எல்வி-டி3 ராக்கெட்டின் பயணத்தில், கடுங்குளிர் திரவங்களால் இயங்கும் நம் முதல் கிரையோஜெனிக் எஞ்சினின் எரிபொருள் பூஸ்டர் டர்போபம்பு நின்றுபோய்த் திட்டம் தோற்றது. அங்கே காரணம் வேறு, ஆனால் இடம் அதே சக்ஷன் பக்கம். அதைச் சரிசெய்து 2014 ஜனவரி 5 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 வெல்வதற்கு ஏறத்தாழ நான்காண்டுகள் ஆயின.

இப்போது 2,000 கிலோநியூட்டன் உந்துவிசைக்காக, திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் எரியும் செமி கிரையோஜெனிக் எஞ்சின் உருவாகிவருகிறது. 2025 மார்ச் 28 அன்று மகேந்திரகிரியில், உந்து எரியறையைச் சேர்க்காமல், பம்புகளும், டர்பைனுக்கான வாயுவை உண்டாக்கும் முன்னெரியறையும் உள்ளிட்ட பகுதியை இரண்டரை வினாடி எரித்துப் பார்த்தார்கள். செய்தி வந்தபோது இங்கே பனிமூட்டம் இறங்கியிருந்தது. தாளை அடுப்படிக்கு எடுத்துவந்து விளக்கடியில் இரண்டு முறை படித்தேன். அந்த இரண்டரை வினாடிக்குள் பம்பின் வாயில் அழுத்தக்கோடு எப்படி விழுந்து எப்படி நிலைத்தது என்பதை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.