ரூட் கெனால் முடிந்தது, கேப் எப்போது?

ரூட் கெனால் முடிந்து வலி நின்றதும் பலர் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போடப் போவதே இல்லை. நன்றாகச் செய்த சிகிச்சைகூட அங்கேதான் வீணாகிறது. சொத்தையும், உள்ளே போக வெட்டிய வழியும் சேர்ந்து கடைவாய்ப் பல்லின் சுவரை மெலிதாக்கிவிடுகின்றன. ஒரு முறுக்கைக் கடித்தால் வேர் வரை பிளக்கலாம். அப்படிப் பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். அது தேய்ந்தால் எச்சில் கசிந்து, சுத்தம் செய்து கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை நிரப்பிய வேர்க்குழாய்களுக்குள் கிருமி மறுபடி இறங்கும்.

முதல் சில நாள் கடித்தால் வலிப்பது இயல்பு. நரம்பை எடுத்தாயிற்று, ஆனால் வேரைச் சுற்றியுள்ள திசு இன்னும் புண்ணாக இருக்கிறது. நாளுக்கு நாள் குறைய வேண்டும். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் அடைப்பு உயரமாக இருக்கலாம்; தேய்த்துவிடுவது சில நிமிட வேலை, தயவுசெய்து பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள். மாதக்கணக்கில் வலித்தால், விடுபட்ட குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் 4வது குழாய் இருப்பது சகஜம். அது எளிதில் கண்ணில் படாது.