பழைய பிராஸ் பேண்டின் சுருதி

போன வாரம் 1950களில் பதிவான ஒரு பிரிட்டிஷ் பிராஸ் பேண்ட் (பித்தளை ஊதுகருவிகளின் குழு) இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்காமல் போனில் சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்து வைத்தேன். எல்லாச் சுரமும் கிட்டத்தட்ட கால் சுரம் தூக்கலாகக் காட்டியது. தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிவேற்றிவிட்டார்கள் என்று திட்டினேன். தப்பு என்னுடையது. அந்த பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை, சுருதி சேர்க்க அளவாக வைக்கும் ஏ சுரத்தை 452.5 ஹெர்ட்ஸில்தான் வைத்திருந்தன, ஆர்கெஸ்ட்ராக்கள் 440க்கு வந்து வெகுகாலம் ஆன பிறகும். பூஸி அண்ட் ஹாக்ஸ் கம்பெனி உயர்சுருதிக் கருவிகள் செய்வதை நிறுத்தியதும்தான் இறங்கி வந்தார்கள். புதுசு வாங்கக் காசில்லாதவர்கள் பழைய கருவியின் குழாயை நீட்டி ஒப்பேற்றினார்கள்.

இன்று பிராஸ் பேண்ட் மரபைக் காக்கிறோம் என்பவர்கள் பெரும்பாலும் காப்பது கருவிப் பட்டியலை. ட்ரம்பெட் கூடாது, பிரெஞ்ச் ஹார்ன் கூடாது. கார்னெட், ஃப்ளூகல்ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், ட்ராம்போன், பாஸ் (அதாவது ட்யூபா), ஆக மொத்தம் 25 பேருக்குக் கொஞ்சம் மேலே. சரி, அதுவும் வேண்டும்தான், போகப் போக அகலும் குழாய்கள் நிறைய இருப்பதால்தான் குத்தாத, உருண்டையான அந்த நாதம் வருகிறது. ஆனால் பெயர் அப்படியே இருக்க, உள்ளே குழாய் பெருத்துவிட்டதே! அன்றைய ட்ராம்போன் ஒல்லி, ஊதினால் சுரீரென்று இருக்கும். ஜி பாஸ் ட்ராம்போன் என்று ஒன்று, அதன் சறுக்குக் குழாய் கைக்கு எட்டாத நீளம் என்பதால் பிடித்துத் தள்ள ஒரு கைப்பிடியே வைத்திருந்தார்கள். இப்போது எல்லாம் அகலம், எல்லாம் கனம். பழைய பதிவில் பாரிடோன் தனியாகக் காதில் விழுகிறது, புதியதில் யூஃபோனியத்தோடு கரைந்துவிடுகிறது.

அதற்காக மாறியதெல்லாம் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் நாகஸ்வரத்தில் குட்டைத் திமிரியின் உச்ச சுருதி போய் நீளப் பாரி வந்தது, ராஜரத்தினம் பிள்ளையின் பாரியைக் கேட்டுவிட்டு யார் திமிரிக்காக அழுதார்கள்?

ஒரே ஒரு ஆசை. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1928 தேசிய பிராஸ் பேண்ட் போட்டிக்கென்று எழுதிய 'எ மூர்சைட் சூட்' அந்த உயர்சுருதி, ஒல்லிக்குழாய்க் கருவிகளை மனதில் வைத்து எழுதியதுதானே, அதே மாதிரிக் கருவிகளில் இன்றைய ஆட்கள் யாராவது முழுசாக வாசித்த பதிவு இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.