செருப்பில் வெட்டிய தவளையும் முத்தையன்கட்டு விராலும்

அண்ணா குடும்பத்தோடு கனடாவில் இருந்து வருவதற்கு இரண்டு மாதம் முந்தியே கேட்டுவிட்டார், இந்த முறை பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ட்ரவுட் மீன் பிடிப்போமா என்று. அவர் இருப்பது கல்கரியில். கோடை வந்தால் போதும், முதுகில் பையைச் சுமந்துகொண்டு றொக்கி மலைக்குள் மூன்று நாலு மணித்தியாலம் நடந்து, வாகனம் போகாத ஏதாவது ஒரு ஏரிக்கரையில் கூடாரம் அடித்து, இரண்டு நாள் தூண்டில் போட்டுவிட்டு வருவார்கள். படங்கள் அனுப்புவார். பச்சைத் தண்ணீர், பின்னால் பனி, கையில் ஒரு சாண் மீன். மருமகனுக்குப் பதினான்கு வயது, மருமகளுக்கு ஒன்பது. இரண்டு பேருமே தூண்டில் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள்.

நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் இருப்பது உண்மைதான். 1880களில் வெள்ளைக்காரர் கப்பலில் முட்டைகளைக் கொண்டு வந்து மலை ஓடைகளில் விட்டு வளர்த்த மீன் அது, அந்தக் குளிரில்தான் தப்பிக் கிடக்கிறது. ஆனால் எனக்கு மனம் வரவில்லை. கல்கரியில் செய்வதையே இங்கே வந்தும் செய்வதற்கு எதற்கு இவ்வளவு தூரம் பறந்து வர வேண்டும்? எங்கள் அப்பா பிடித்த விராலை இந்தப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. "முத்தையன்கட்டுக்கு வாங்கோ அண்ணா, சித்தப்பாவின் காணியில் இரண்டு இரவு நிற்போம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஆவணியில் போனோம். கிளிநொச்சியில் இருந்து ஏ9 வீதியில் மாங்குளம், அங்கே முல்லைத்தீவு வீதியில் திரும்பி ஒட்டுசுட்டான், தான்தோன்றீஸ்வரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்புறம் குளத்தடி. முத்தையன்கட்டு பேராற்றை மறித்துக் கட்டிய குளம். மார்கழியில் வான் பாயும்போது பார்த்தால் கடல் மாதிரிக் கிடக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டபடியால் ஆவணியில் அது நன்றாக உள்ளே போய்விட்டிருந்தது. அலைகரை முழுக்க வெடித்த சேறு, அதற்கு அங்கால் தாமரை, இன்னும் அங்கால் தண்ணீருக்குள் நின்றபடியே பட்டுப்போன மரங்கள், ஒவ்வொரு கொப்பிலும் ஒரு நீர்க்காகம். சோளகக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணா இரண்டு கூடாரம் கொண்டு வந்திருந்தார். நீலம், மடித்தால் ஒரு தலையணை அளவுதான். பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டு, "அப்பம்மா எங்களோடு படுங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அந்தத் துணியைக் கையால் ஒரு தரம் தடவினார். "தறப்பாளுக்குள்ள படுத்தது எனக்குப் போதும் பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டு, சித்தப்பாவின் மண் கொட்டிலுக்குள் பாயை விரித்துக்கொண்டார். 2008 கடைசியில் போருக்குள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டதில் இருந்து 2010இல் திரும்பி வரும் வரைக்கும் நாங்கள் படுத்ததெல்லாம் தறப்பாளுக்குக் கீழேதான். அண்ணா அதற்கு முந்தியே வெளிநாடு போய்விட்டவர். அவர் ஒன்றும் பேசவில்லை, போய் அம்மாவின் பாய்க்குக் கீழே தன்னுடைய காற்று மெத்தையை விரித்துக் கொடுத்தார்.

முதல் பின்னேரம் நடந்த ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளோடு வன்னிக்கு வருகிற யாராவது இதை வாசிக்கக்கூடும். மருமகன் ஒரு சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டோரம் போய் ஈரமான இடமாகப் பார்த்துக் கிண்டத் தொடங்கிவிட்டான். புழு தேடுகிறான், அங்கே மலை ஏரிக்குப் போனால் அதுதானாம் அவனுடைய வேலை. அம்மா கொட்டில் வாசலில் இருந்து போட்ட சத்தத்தில் நானே நடுங்கிப் போனேன். "தோண்டாதே! அப்படியே நில்! வந்த அடியிலேயே திரும்பி வா!" பிள்ளை முகம் வெளிறித் திரும்பி வந்தான். சித்தப்பாவின் காணி துப்புரவாக்கிக் கொடுத்த காணிதான், பயமில்லை. ஆனால் காட்டோரத்தைப் பற்றி யாரும் உறுதி சொல்லமாட்டார்கள், மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ட இடத்தில் மட்டும் கவனமாக இருந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. மாடு நடந்து தேய்ந்த பாதையில்தான் நடக்க வேண்டும், தெரியாத மண்ணைக் கிண்டவே கூடாது. புழு வேண்டுமென்றால் கிணற்றடி வாழைக்குக் கீழே, தினமும் குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் எடுக்கலாம். பிறகு அம்மாவே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே குந்தியிருந்து, ஒரு சிரட்டை நிறைய நாக்கிளிப்புழு பொறுக்கிக் கொடுத்தார். ஏன் சத்தம் போட்டேன் என்பதையும் அப்போதுதான் ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தங்கச்சியை ஓரடி பாதை விலக விடவில்லை.

இனி மீனுக்கு வருகிறேன்.

அண்ணாவின் தூண்டில் எல்லாம் ட்ரவுட்டுக்கானவை. விரல் தடிப்பில் மெல்லிய தடி, ஆறு இறாத்தல் நூல், சின்ன விரல் நகம் அளவில் சுழலும் பித்தளைத் தகடுகள். ட்ரவுட்டுக்குக் கண் கூர்மை, கண்ணாடி மாதிரித் தண்ணீரில் தடித்த நூல் தெரிந்தால் கிட்ட வராதாம். அதற்குக் குளிர் வேண்டும், நீரில் கரைந்த காற்று நிறைய வேண்டும், 20 பாகைக்கு மேலே தண்ணீர் சூடானால் அந்தரிக்கத் தொடங்கிவிடும். பனி உருகி ஏரிக்குள் விழுகிற வாயில் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நின்று, அடித்து வருகிற பூச்சியைப் பிடித்துத் தின்னும். வருடத்தில் பாதிக்கு மேல் பனிக்கட்டி மூடிக் கிடக்கிற ஏரிகளாம், தீன் குறைவு, அதனால் மீனும் மெதுவாகத்தான் வளருமாம். அந்த உயரத்து ஏரிகள் பலவற்றில் ஆதியில் மீனே இல்லை, பிறகு கொண்டுபோய் விட்டவைதான் என்றும் அண்ணா சொன்னார்.

விரால் இதற்கு நேர் எதிர். சூடும் சேறும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. செவுளோடு சேர்த்துத் தலைக்குள்ளே காற்றைப் பிடித்து வைக்க ஒரு அறை உண்டு, அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும் மீன் அது. குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்து மழை வந்ததும் வெளியே வரும். அது ஒளித்திருப்பது தாமரைத் தண்டுகளுக்கு இடையில்தான், தெளிந்த தண்ணீரில் இல்லை. அண்ணா எறிந்த முதல் தகடு தாமரைத் தண்டில் சிக்கியது, இரண்டாவதும் சிக்கியது. மூன்றாவதை ஏதோ ஒன்று எடுத்தது, தடி வில்லாக வளைந்தது, மீன் தண்டைச் சுற்றி ஒரு ஓட்டம், நூல் படாரென்று அறுந்தது.

அம்மா குளக்கட்டில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பார், மூச்சு விடுது" என்றார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு இலைக்கு நடுவில், ஒரு கை அகலத் தண்ணீரில், வாய் திறந்து மூடினாற் போல ஒரு சத்தம், பிறகு ஒரு வளையம். அவ்வளவுதான். "போயிட்டு இன்னும் கொஞ்சத்தில அதே இடத்துக்குக் கிட்ட வரும். இடம் மாறாது." அப்பாவோடு இருந்து படித்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம், சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்த காலத்தில் எங்கள் வீட்டுக் கறிச்சட்டி நிறைந்தது குளத்து மீனால்தான். அப்பா தூண்டிலும் கையுமாக இருப்பார், அம்மா பக்கத்தில் இருந்து வளையம் பார்ப்பார்.

விராலுக்கு அப்பா குத்துவது உயிர்த்தவளை. அதைச் சொன்னதும் மருமகள் அழத் தொடங்கிவிட்டாள். அம்மா யோசித்தார். கொட்டில் மூலையில் சித்தப்பாவின் பழைய றப்பர் செருப்பு ஒன்று கிடந்தது, வார் அறுந்தது. அரிவாளால் அதன் குதிப் பக்கத்தில் பெருவிரல் அளவு துண்டை வெட்டி எடுத்து, ஒரு பக்கத்தைக் கூராக்கி, அடியில் ஒரு கீறல் போட்டுப் பெரிய தூண்டில் முள்ளை அதற்குள் செருகி, கூர் மேலே பார்க்கும்படி முதுகோடு படிய வைத்தார். பின்னால் இரண்டு றப்பர் நாடா, அதுதான் கால். கூர் முதுகில் படிந்திருப்பதால் இலையில் மாட்டாது, செருப்பு றப்பர் என்றபடியால் தாழவும் தாழாது. நூலுக்கு ஒட்டுசுட்டான் கடையில் தடித்த தங்கூசி வாங்கினோம். அண்ணா அந்தச் செருப்புத் தவளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கனடாக் கடைகளில் இதே அமைப்பில் தவளை விற்கிறார்களாம், வேறொரு மீனுக்கு.

மறுநாள் விடிய ஆறு மணிக்கு எறிந்தோம். இலைக்கு மேல் போட்டு, மெல்ல இழுத்து, இலை விளிம்பில் இருந்து தண்ணீருக்குள் தொப்பென்று விழுத்தி, ஒரு கணம் சும்மா விட வேண்டும். தண்ணீர் வெடித்தது. அண்ணா உடனே வெட்டி இழுத்தார், தவளை மட்டும் பறந்து வந்தது. ட்ரவுட்டுக்கு அப்படித்தானாம், தொட்ட கணமே இழுக்காவிட்டால் துப்பிவிடும். இரண்டாவது தரமும் அதே கதை. "தம்பி, அவசரப்படாத. விழுங்க விடு. மனதுக்குள்ள மூன்று எண்ணு" என்றார் அம்மா. கடைசியில் தடியை அவரே வாங்கிக்கொண்டார். எறியத் தெரியவில்லை, மருமகன்தான் எறிந்து கொடுத்தான். வெடித்தது, அம்மா நின்றார், நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம், பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுவை. ஒன்றே கால் கிலோ இருக்கும். கருத்த முதுகு, வெள்ளை வயிறு, பாம்புத் தலை, சேற்றில் துள்ளித் துள்ளித் திரும்பவும் தண்ணீரை நோக்கியே போகப் பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பால் அதன் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "உங்கட அப்பாவுக்குக் கூட இப்படி ஒன்று ஆவணியில கிடைக்கிறது குறைவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் அதிகம் பிடித்தது யப்பான் மீன், அதுதான் திலாப்பியா. 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டு வந்து விட்டது, இன்றைக்கு அது இல்லாத குளமே இல்லை. பாண் துண்டும் நாக்கிளிப்புழுவும் போதும், மயிலிறகுத் தண்டு மிதப்பு இரண்டு தரம் ஆடி மூன்றாவது தரம் சாய்ந்து ஓடும்போது தூக்க வேண்டும். சின்னதை எல்லாம் மருமகள் திருப்பி விட்டாள், விடுவதற்கு முன் ஒவ்வொரு தரமும் கையை நனைத்துக்கொண்டாள். காய்ந்த கையால் பிடித்தால் மேல் வழுவழுப்பு போய் மீனுக்கு நோய் வருமாம், அப்பா சொல்லிக் கொடுத்தது என்றாள். எங்கள் அப்பாவுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மழை தொடங்கிய பிறகு தண்ணீரின் மேல் செந்நிறமாக ஒரு கூட்டம் அசைந்தால் அது விரால் குஞ்சு, கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். கிட்டப் போகிற எதையும் ஆவேசமாக அடிக்கும், அதனால் பிடிப்பது மிகச் சுலபம். அப்பா அந்தப் பக்கம் தூண்டிலே போடமாட்டார். பெரியது போனால் குஞ்சு முழுக்க ஒரே நாளில் கொக்குக்கும் யப்பானுக்கும் தீன். இப்போது அந்த நேரம் பார்த்தே பிடிப்பவர்களைக் காண்கிறேன், சின்னக் கண் வலை போடுபவர்களையும் காண்கிறேன், இரண்டும் எனக்குத் தாங்குவதில்லை.

கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடவில்லை, முதலை இருக்கிற குளம். பொழுதுபட முன் கரையை விட்டு வந்துவிட்டோம், அது யானை தண்ணீருக்கு வருகிற நேரம். றொக்கி மலையில் கரடிக்காகச் சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்க விடுவார்களாம், இங்கே சித்தப்பா நெல்லும் உப்பும் கொட்டிலில் வைக்காமல் ஊருக்குள் அனுப்பிவிட்டார். இரவு தூரத்தில் யானை வெடி இரண்டு கேட்டது. விராலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தோல் உரித்து, பழப்புளி விட்டுத் தடிப்பாகக் குழம்பு, யப்பான் பொரியல், புட்டு. தாமரை இலையில் போட்டுச் சாப்பிட்டோம். மருமகன் நடு முள்ளைச் சூப்பிக்கொண்டே, ட்ரவுட்டுக்கு இவ்வளவு ருசி இல்லை மாமி என்றான்.

திரும்பிப் போகும்போது அண்ணா ஒரு தடியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். செருப்புத் தவளையை மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். அம்மா இன்னொன்று வெட்டி வைத்திருக்கிறார், கூரை முகட்டில் தடியோடு செருகிக் கிடக்கிறது. போன கிழமை அண்ணா தொலைபேசியில் கதைத்தபோது அம்மா என்னிடம் இருந்து வாங்கி, சுகம் விசாரிக்காமல் முதலில் சொன்னது இதைத்தான்: "தம்பி, அடுத்த முறை வரேக்க அறாத நூலாப் பார்த்துக் கொண்டு வா. தங்கூசி எனக்குக் கையை வெட்டுது."