காரிலிருந்து கடை வாசல் வரை

புறநகரில் அமையும் சிறிய வணிக வளாகத்தின் வரைபடம் எது கைக்கு வந்தாலும், நான் முதலில் பார்ப்பது முகப்பை அல்ல. கடைகளின் முன்னால் ஓடும் தாழ்வாரத்தின் அகலத்தைத்தான். முகப்புக்குக் கல் பதிப்பதா, கண்ணாடி போடுவதா என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள் தாழ்வாரத்துக்கு ஒன்றரை மீட்டர் போதும் என்று ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வெளிப்பக்கம் திறக்கும் 90 செ.மீ. கதவு ஒன்று அந்த ஒன்றரை மீட்டரில் விரிந்தால் மிஞ்சுவது 60 செ.மீ. மட்டுமே. அதில் 30 செ.மீ. தூண் ஒன்றும் நின்றுவிட்டால், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வருபவர் தார்த்தளத்தில் இறங்கி, பின்னோக்கி வரும் கார்களுக்கு நடுவே சுற்றித்தான் போக வேண்டும்.

வெயிலின் கணக்கும் இதே இடத்தில்தான் இருக்கிறது. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், ஒரு மீட்டர் மட்டுமே நீளும் கூரையை வைத்துக்கொள்வோம். சூரியன் நேர் எதிரே 45 பாகையில் நிற்கும்போது, கண்ணாடியின் மேல் ஒரு மீட்டருக்குத்தான் நிழல் விழும். மீதி இரண்டு மீட்டரும் காயும். கடைக்காரர் என்ன செய்வார்? திரையை இறக்குவார், அல்லது கண்ணாடி முழுவதும் விளம்பரத் தாளை ஒட்டுவார். பொருள்களைக் காட்டுவதற்காகச் செலவழித்துப் போட்ட கண்ணாடி வெறும் சுவராகிவிடும். கூரையை மூன்று மீட்டர் நீட்டியிருந்தால் அந்த நிழல் தரைவரை இறங்கியிருக்கும். மேற்குப் பார்த்த கடைகளுக்கு மாலையில் இதுவும் போதாது என்பதால், அங்கே மரங்களும் செங்குத்துத் தடுப்புகளும் தேவைப்படும்.

முன்னால் கார், பின்னால் கடை என்ற ஏற்பாடு புதிதன்று. வாஷிங்டன் நகரில் ஆர்தர் ஹீட்டன் வடிவமைத்து 1930இல் திறக்கப்பட்ட ‘பார்க் அண்ட் ஷாப்’ வளாகம், தெருமுனையில் ‘எல்’ வடிவில் கடைகளை அமைத்து, நடுவில் வாகனங்களுக்கு இடம் விட்டது. அந்த ஏற்பாடு பரவியபோது கட்டடம் சிறுத்தது, கார் நிறுத்தும் திடல் பெருத்தது. ஒரு காரை நிறுத்த 12.5 சதுர மீட்டர் போதும் என்றாலும், அது வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் பிடிக்கும். நாற்பது கார்களுக்கு ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாது. ஆளுக்கு 80 சதுர மீட்டர் வீதம் எட்டுக் கடைகளைச் சேர்த்தாலும் 640 தான். அதாவது, வளாகத்தின் மிகப் பெரிய அறை கூரையில்லாத அந்தத் திடலே. அதை வடிவமைக்காமல் கோடு மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கும் கட்டடக் கலைஞர், பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யவே இல்லை என்றுதான் நான் சொல்வேன். கார்களின் வரிசைகளுக்கு இடையே, கடைகளை நோக்கிச் செல்லும் நடைபாதை ஒன்றும் அதன் இருபுறமும் மரங்களும் வைப்பதற்குச் சில கார்களின் இடத்தை விட்டுக்கொடுத்தால் போதும்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் வான் டென் புரூக்கும் பாக்கெமாவும் வடிவமைத்து 1953இல் திறக்கப்பட்ட லெயின்பான் கடைத்தெருவில் வாகனங்களுக்கு அனுமதியில்லை. சரக்கு பின்பக்கச் சாலை வழியாக வருகிறது, முன்பக்கத்தில் கூரைகள் கடைகளை ஒட்டியே நீள்கின்றன. அது நகர மையத்துக்கான தீர்வு என்றாலும், சரக்கையும் நடப்பவரையும் பிரித்த முறை எட்டுக் கடைகளுக்கும் பொருந்தும். அமெரிக்காவின் சான்டா மோனிக்காவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1988இல் முடித்த ‘எட்ஜ்மார்’ வணிக வளாகம் இன்னும் நெருக்கமான உதாரணம். பழைய பால் நிறுவனம் ஒன்றின் மனையில், ஒரே நீளப் பெட்டியாகக் கட்டாமல், தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து நடுவில் முற்றம் விட்டார். அதன் கோபுரங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தெருவிலிருந்து அந்த முற்றத்துக்குள் நுழையும் இடுக்கு வழிகள் பிடிக்கும்.

பெயர்ப்பலகைகளுக்குக் கூரைக்கு மேல் ஒரே உயரத்தில் ஒரு பட்டையை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். கடைகள் கைமாறினாலும் முகப்பு கலையாது. குப்பைத் தொட்டிகளும் குளிரூட்டிகளின் வெளிப்பெட்டிகளும் பின்வீட்டுச் சன்னலுக்கு நேராக வரக் கூடாது.

இன்னும் ஒன்றே ஒன்று கேட்பேன். கண்ணாடியின் அடிச்சுவரை 45 செ.மீ. உயரத்தில் நிறுத்தி, மேற்பரப்பை ஒன்றரை அடி வெளியே நீட்டிவிட்டால், மருந்துக்காகக் காத்திருக்கும் முதியவர் தனி இருக்கை எதுவும் இல்லாமலே அந்த நிழலில் உட்கார்ந்துகொள்வார்.