நிஃப்ட் வரைதல் தாளுக்கு வண்ணம் படித்த விதம்

நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகத்தின் பி.டிஸைன் (இளநிலை டிசைன் பட்டம்) நுழைவுத் தேர்வில் க்ரியேட்டிவ் எபிலிட்டி டெஸ்ட் என்ற வரைதல் தாளுக்குத்தான் பெரிய பங்கு. நான் எழுதியபோது மொத்த மதிப்பில் பாதி அதற்குப் போனது. 3 மணி நேரம், கையால் வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். (தேர்வு முறை மாறலாம், அந்தந்த ஆண்டின் ப்ராஸ்பெக்டஸைப் பார்த்துவிடுங்கள்.)

தயாராகிறவர்கள் பெரும்பாலும் வண்ணச் சக்கரத்தில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் முதன்மை நிறங்கள். இரண்டிரண்டாகக் கலந்தால் ஆரஞ்சு, பச்சை, ஊதா. இவற்றின் நடுவே இன்னும் 6. ஆக 12 நிறம், ஒரு மாலை நேரத்தில் முடிகிற பாடம். சரி, அப்புறம்?

அப்புறம் படிக்க வேண்டியது வேல்யூ, அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பது. என் தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதியை இதுதான் தின்றது, அதில் எனக்கு வருத்தமில்லை. சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிர். ஆனால் சாதாரணச் சிவப்பும் சாதாரணப் பச்சையும் அடர்த்தியில் கிட்டத்தட்ட ஒன்று. பச்சைத் தளத்தில் சிவப்பு எழுத்தை எழுதிப் பாருங்கள், கண் கூசும், எழுத்து பிரியாது. மஞ்சளும் ஊதாவும் அப்படியில்லை. நிறத்திலும் எதிர், அடர்த்தியிலும் எதிர் என்பதால் தூரத்திலிருந்தே படிக்கலாம். வீட்டில் பழகும்போது, வரைந்ததை மொபைலில் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் எத்தனை நிறம் போட்டும் பயனில்லை. தேர்வு அறையில் மொபைல் கிடையாது, அங்கே கண்ணை இடுக்கிப் பார்த்தாலே போதும்.

கலவைக்கு வருவோம். பாட்டிலில் சிவப்பு என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே சிவப்பு இல்லை. ஆரஞ்சுப் பக்கம் சாயும் சிவப்பில் நீலத்தைக் கலந்தால் ஊதா வராது, சேறு வரும். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மூன்று முதன்மை நிறமும் சேர்ந்தால் மங்கத்தான் செய்யும். நீலப் பக்கம் சாயும் சிவப்பான கிரிம்ஸனும், ஊதாப் பக்கம் சாயும் நீலமான அல்ட்ராமரைனும் சேர்த்தால் நல்ல ஊதா கிடைக்கும். மஞ்சளை அடர்த்தியாக்கக் கருப்பைத் தொடாதீர்கள், பாசிப் பச்சையாகிவிடும். ஓக்கர் என்ற மண் மஞ்சள் அல்லது பழுப்பு சேர்க்கலாம். சிவப்பை அடக்க ஒரு சொட்டுப் பச்சை போதும். போஸ்டர் கலர் காய்ந்ததும் வெளிர் நிறங்கள் கொஞ்சம் அடர்ந்தும், அடர் நிறங்கள் கொஞ்சம் வெளிறியும் போகும். அதனால் தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே பிராண்டில் கலவைச் சார்ட் போட்டுப் பழகுங்கள்.

பக்கத்து நிறம் செய்யும் வேலையையும் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரோல் என்ற வேதியியலாளர். கருப்பு நூல் சோபையில்லாமல் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அருகில் ஓடிய நிறங்கள்தான் கருப்பை அப்படிக் காட்டின என்று கண்டுபிடித்தார். இதை 1839இல் நூலாகவும் வெளியிட்டார். ஒரே சாம்பல் சதுரத்தை மஞ்சள் மேலும் நீலத்தின் மேலும் ஒட்டிப் பார்த்தால் உங்களுக்கும் அது புரியும்.

டிசைன் கொள்கைகள் என்று பேலன்ஸ், ரிதம், எம்பஸிஸ், யூனிட்டி என நீளமாகச் சொல்லித் தருவார்கள். வரையறை ஒப்பிக்கச் சொல்லி இந்தத் தாள் கேட்காது. எம்பஸிஸை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: பார்ப்பவர் கண் முதலில் எங்கே விழ வேண்டும்? அந்த இடத்தில் மட்டும் பளிச்சென்ற நிறத்தையும் அதிகபட்ச வேல்யூ வித்தியாசத்தையும் வையுங்கள், மற்ற இடங்களை அடக்கி வையுங்கள். அளவு விகிதம் பிடிபட எனக்கு உதவியது பட்டுச் சேலைக் கடைதான். மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர், மெல்லிய ஜரிகைக் கோடு. மூன்றும் சம அளவில் இருந்தால் அந்தச் சேலையை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் பேரம் பேசும் நேரத்தில் நீங்கள் பார்டரை அளந்துகொண்டிருக்கலாம்.

தேர்வில், ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தீப்பெட்டி அளவில் பென்சில் ஓவியம் போடுங்கள்: வெள்ளை, நடுச் சாம்பல், கருப்பு மூன்றே தொனி. அது நின்றால் மட்டும் நிறத்துக்குப் போங்கள். 3 அல்லது 4 நிறம் தாண்டாதீர்கள். பெரிய பரப்பை முதலில் தீட்டிக் காயவிட்டு, அந்த நேரத்தில் அடுத்த கேள்விக்கான பென்சில் வேலையைத் தொடங்கிவிடலாம். ஈரத்தின் மேல் கோடு இழுத்தால் நிறம் பரவும், அழிக்கவும் வழியில்லை.